தாண்டிப் போன தட்டு

சாமிதுரைக்குத் தொண்டை பெரிது. பீங்கான் தொழிற்சாலையில் சூளைப் பக்கம் நின்று ஒரு குரல் கொடுத்தால், வாசலில் டீ குடித்துக்கொண்டிருப்பவர்கள் கிளாஸை அப்படியே வைத்துவிட்டு உள்ளே ஓடி வருவார்கள். அப்பேர்ப்பட்ட தொண்டையைச் சும்மா வைத்திருக்க முடியுமா? வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் அவர் ஊராருக்குக் கல்யாணம் நடத்தி வைத்தார்.

ஐயர் வேண்டாம், ஹோமம் வேண்டாம், நாலு பேர் முன்னால் உறுதிமொழி சொல்லி மாலை மாற்றிக்கொண்டால் அந்தக் கல்யாணமும் செல்லும் என்று சட்டம் வந்த காலம் அது. அதற்கு முன்னாலும் விருத்தாசலம் பக்கத்தில் அப்படிக் கல்யாணங்கள் நடந்துகொண்டுதான் இருந்தன. சட்டம் வந்த பிறகு, செல்லுமா செல்லாதா என்று இழுத்துக்கொண்டிருந்தவர்களுக்கும் தைரியம் வந்துவிட்டது. பெரிய தலைவர்களைக் கூப்பிட வசதியில்லாதவர்கள் சாமிதுரையைக் கூப்பிட்டார்கள். அவர் பஸ் செலவுகூடக் கேட்க மாட்டார். கருப்புச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்து நிற்பார். கையில் ஒரு ஊறுகாய் ஜாடி இருக்கும். வாய் கோணியது, மெருகு சரியாகப் பிடிக்காதது என்று தொழிற்சாலையில் ஒதுக்கித் தள்ளிய ஜாடிகளை மலிவாக வாங்கி வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்கு ஒன்று என்று பரிசு கொடுப்பார். சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டு அடுப்படியில் கோணல் ஜாடி இருக்கிறதோ அது சாமிதுரை கல்யாணம் நடத்தி வைத்த வீடு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் அவருக்குப் பிடித்த முகூர்த்தம். நாலரை மணிக்கு ராகு காலம் ஆரம்பிக்கும், சாமிதுரை மைக்கைப் பிடிப்பார். "ராகு வரட்டுங்க, வேணாங்கல. வந்தா அவருக்கும் ஒரு எல போட்டு சோறு வெக்கறோம். தின்னுட்டுப் போவட்டும்" என்பார். பந்தலே சிரிக்கும். அந்தச் சிரிப்புக்காகவே வெளியூரிலிருந்து வந்து உட்கார்ந்தவர்கள் உண்டு.

தாலியே வேண்டாம் என்பதுதான் அவருடைய கட்சி. ஆனால் தாலி இல்லாமல் பெண்ணை அனுப்ப எந்தத் தாயும் ஒத்துக்கொள்ளவில்லை. சரி, கட்டித் தொலையுங்கள் என்று விட்டுவிட்டார். அதற்குப் பதிலாக வேறொரு வேலை செய்தார். மஞ்சளரிசி பரப்பிய தட்டில் தேங்காய் வைத்து, அதன் மேல் தாலியை வைத்துப் பெரியவர்கள் தொட்டு ஆசீர்வாதம் பண்ணுவதற்காகப் பந்தலைச் சுற்றிக் கொண்டு போவார்கள் அல்லவா? அந்தத் தட்டு கணவனை இழந்த பெண்கள் பக்கம் போகாது. அவர்களும் நமக்கெதற்கு என்று பின்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார்கள். சாமிதுரை அந்தத் தட்டை மற்றவர் கையில் கொடுக்கவே மாட்டார். தானே எடுத்துக்கொண்டு நேராகப் பின்வரிசைக்குப் போவார். "எழுந்திரும்மா. புருசன் செத்ததுக்கு நீ என்னா பண்ணுவ? தொட்டுக் குடு. நல்ல மனசோட தொட்டுக் குடு" என்பார். அந்த அம்மாள் தயங்கித் தயங்கித் தொடுவாள். பந்தலில் பாதிப் பேர் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். சாமிதுரையின் பேருக்கும் புகழுக்கும் அந்தத் தட்டுதான் காரணம்.

அவருடைய மனைவி அமிர்தம் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. தாரம் போனவன் கையால் தாலித் தட்டு வருகிறதே என்று எந்த ஊரிலும் ஒருத்தரும் முகம் சுளித்ததில்லை. அவருக்கே அது தோன்றியதில்லை. ஆம்பிளையாகப் பிறந்ததில் இருக்கிற சௌகரியங்களில் இதுவும் ஒன்று.

அவருக்குக் கூடப் பிறந்தவள் ஒரே தங்கை, கொளஞ்சியம்மாள். நல்லூரில் வாக்கப்பட்டிருந்தாள். அவளுடைய கணவன் வேப்பூர் ரோட்டில் லாரி மோதிச் செத்தபோது மூத்தவள் கனகா பள்ளிக்கூடத்துப் பிள்ளை, சின்னவன் மாயவன் இடுப்பில். காடு கழனி வேலை பார்த்து இரண்டையும் வளர்த்தாள். அதிலெல்லாம் அவள் ஒடிந்துபோகவில்லை. அவளை ஒடித்தது வேறு. பங்காளி வீட்டுப் பெண் ராஜம்மாளின் கல்யாணத்தில், கூட்ட நெரிசலில் யாரோ ஒருத்தி தாலித் தட்டைக் கொளஞ்சியம்மாள் கையில் திணித்து, "செத்த புடி, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். இவளும் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த பொங்கலுக்குள் மாப்பிள்ளை விஷக் காய்ச்சலில் இறந்துபோனான். அவ்வளவுதான். கொளஞ்சி கை பட்ட தாலி என்று ஊர் வாயெல்லாம் அதே பேச்சானது.

சாமிதுரை அந்தப் பேச்சு காதில் விழுந்த அன்றைக்கே நல்லூருக்குப் போய்த் தெருவில் நின்று கத்தினார். "டைபாய்டு வந்து செத்தாண்டா அவன். எந்தங்கச்சி கையில என்னா டைபாய்டா ஒட்டிக்கிட்டு இருக்குது?" என்று கேட்டார். ஆனால் கொளஞ்சியம்மாள் அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை. போனாலும் சமையல் நடக்கிற பக்கம் போய் வெங்காயம் உரிப்பாள். புதுப்பெண் எதிரில் வந்தால் சுவரோரம் ஒதுங்கிக்கொள்வாள். ஊர் சொன்னதை அவளே நம்பத் தொடங்கிவிட்டாள் என்பதுதான் அண்ணனுக்குத் தாங்கவில்லை. "ஒண்ணுமில்ல கொளஞ்சி, எல்லாம் மூட நம்பிக்க" என்று போகும்போதெல்லாம் சொல்லிவிட்டு வருவார்.

எழுபத்தொன்றாம் வருஷம் கனகாவுக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை காத்தவராயன், கம்மாபுரம் பக்கத்துக்காரன், நிலக்கரிச் சுரங்கத்தில் வெல்டர். அவனுடைய அம்மா பாஞ்சாலைக்குக் கொளஞ்சியப்பர் கோயிலில் ஐயரை வைத்துத் தாலி கட்ட ஆசை. கனகா ஒரே பிடியாக நின்றாள். யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி விருத்தாசலத்துக்கு வந்து மாமன் வீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"மாமா, ஐயரு வச்சிப் பண்ணா அம்மா அடுப்பாண்டதான் நிக்கும். நீங்க நடத்தி வச்சாத்தான் முன்னாடி வரும். அது கையால தொட்டுக் குடுத்த தாலிதான் எனக்கு வேணும். வேற நக வேணாம், சீர் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"அழுவாத. மொதக் கை ஒங்கம்மா கைதான். நான் சொன்னா சொன்னதுதான்."

கொளஞ்சியம்மாளைச் சம்மதிக்க வைப்பது சுலபமாக இல்லை. வேண்டாம் என்றாள், தள்ளி நின்றே பார்த்துக்கொள்கிறேன் என்றாள், பெற்ற பெண்ணின் வாழ்க்கையில் விளையாடாதே என்று கையெடுத்துக் கும்பிட்டாள். சாமிதுரை மைக்கில் பேசுவதையெல்லாம் அவளிடம் வீட்டுக்குள் உட்கார்ந்து பேசினார். கடைசியில் அவள், "நீ குடுத்தா வாங்கிக்கறேண்ணே. வேற யாரு குடுத்தாலும் தொட மாட்டேன்" என்றாள். காத்தவராயனும் கனகா பக்கமே பிடிவாதமாக நின்றதால் பாஞ்சாலையும் இறங்கி வந்தாள்.

கல்யாண நேரத்தைக் குறித்தது சாமிதுரைதான். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி என்று போட்டார். தொழிற்சாலையில் அவரோடு சூளை வேலை பார்க்கும் காஸ்பர் அழைப்பிதழைப் பார்த்துவிட்டு, "ஏண்ணே, நம்ம ராகுவுக்கு இந்தக் கல்யாணத்துல எல கெடையாதா?" என்று கேட்டான்.

"சாயங்காலம் வச்சா கம்மாபுரம் போற சனத்துக்கு பஸ்ஸு இருக்காதுடா" என்றார் சாமிதுரை. அவர் அதை நம்பித்தான் சொன்னார். இத்தனை வருஷமாக எத்தனையோ ஊர் ஜனங்கள் சாயங்காலக் கல்யாணம் முடிந்து பஸ் இல்லாமல் நடந்தே போனார்கள் என்பது அவருடைய நினைவுக்கு வரவில்லை.

கல்யாணத்தன்று கொளஞ்சியம்மாள் கனகா வாங்கிக் கொடுத்த பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு வீட்டு வாசலில் போட்டிருந்த பந்தலுக்கு வந்தாள். வெள்ளையும் சாயம்போனதுமாகக் கட்டியே பழகியவளுக்கு அந்தப் பச்சை கூச்சமாக இருந்தது. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நின்றாள். பக்கத்தில் சொந்தத்திலேயே மூத்தவளான ஆராயி கிழவி. அவளுடைய கிழவர் இன்னும் உயிரோடிருந்தார், அதனால் எந்த நல்ல காரியத்திலும் அவளுக்குத்தான் முன்வரிசை.

சாமிதுரை நன்றாகத்தான் பேசினார். சொல்லப்போனால் அன்றைக்குப் பேசியதைப் போல அவர் என்றைக்குமே பேசியதில்லை. பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய தாயைவிட ஆசீர்வாதம் பண்ணத் தகுதியுள்ளவர்கள் இந்தப் பந்தலில் யார் என்று கேட்டார். எல்லாரும் கொளஞ்சியம்மாளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். மணவறையில் உட்கார்ந்திருந்த கனகா அம்மாவையே பார்த்துச் சிரித்தாள்.

பாஞ்சாலை தாலித் தட்டை எடுத்துச் சாமிதுரை கையில் கொடுத்தாள். அவர் தங்கையின் பக்கம் திரும்பினார். கொளஞ்சியம்மாள் இரண்டு கையையும் புடவையில் அழுத்தித் துடைத்துவிட்டு முன்னால் நீட்டினாள்.

பிற்பாடு கேட்டவர்களுக்கெல்லாம் சாமிதுரை சொன்னது கை தவறிவிட்டது என்று. தவறவில்லை. அந்த நீட்டிய கையை அவர் நன்றாகப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் ராஜம்மாளின் மாப்பிள்ளை ஞாபகம் வந்தது. பாடையில் கிடந்த முகம்கூட வந்தது. கனகாவுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று ஒரு பயம் எழும்பியது. கடவுள் இல்லை என்று இருபது வருஷமாகச் சொன்னவர், யாரிடம் என்று தெரியாமலே, காப்பாத்து என்று உள்ளுக்குள் சொன்னார். தட்டு கொளஞ்சியம்மாளின் கைகளுக்கு மேலாகத் தாண்டிப்போய் ஆராயி கிழவியின் முன்னால் நின்றது.

கிழவி தொட்டுக் கும்பிட்டாள். பிறகு பாஞ்சாலை, பிறகு மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள், பிறகு வரிசை வரிசையாகத் தட்டு போனது. போய்ச் சுற்றி வரும்போது கொடுத்துவிடலாம் என்று சாமிதுரை தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். சுற்றி வந்தபோது பந்தல் காலுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. கொளஞ்சியம்மாள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு சமையல் நடக்கிற இடத்துக்குப் போயிருந்தாள்.

கல்யாணம் நிற்கவில்லை. மைக் செட்டுக்காரன் நாதஸ்வர ரெக்கார்டைப் போட்டான், காத்தவராயன் தாலி கட்டினான். உறுதிமொழியைச் சாமிதுரை சொல்லச் சொல்லக் கனகா திருப்பிச் சொன்னாள். இன்பத்திலும் துன்பத்திலும் என்று சொல்லும்போது அவள் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, மாமனைப் பார்த்தாள். சாமிதுரைக்குக் குரல் கம்மியது. ஜனங்கள் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அன்றைக்கு அவருக்குக் கிடைத்த மரியாதையை நினைத்தால் எனக்கே கூசுகிறது. காஸ்பர் காதோடு வந்து, "கூட்டத்துல கை தவறிப்போச்சி. வுடுங்கண்ணே" என்றான். அவன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். தண்ணீரில் தத்தளிக்கிறவனுக்குக் கட்டை கிடைத்தாற்போல அவர் அதைப் பிடித்துக்கொண்டார். "ஆமாண்டா, கை தவறிடுச்சி" என்றார். அடுத்து ஆராயி கிழவி வந்தாள். பொக்கை வாயெல்லாம் சிரிப்பு. "நல்ல காரியம் பண்ணுனடா சாமிதொர. எங்க அவகிட்ட குடுத்துடப் போறியோன்னு எனக்கு அள்ளு வுட்டுப்போச்சி. ஆயிரம் பேசுனாலும் ஒனக்கு உள்ளுக்குள்ள புத்தி இருக்குது" என்று அவர் கன்னத்தைத் தடவித் திருஷ்டி கழித்தாள். யாரை எதிர்த்து இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தினாரோ அவர்களில் ஒருத்தி அவரைத் தங்கள் ஆள் என்று சேர்த்துக்கொண்டாள். செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

சாப்பிடாமல் கிளம்பிவிடலாம் என்று பார்த்தார். கொளஞ்சியம்மாள் விடவில்லை. இலையைப் போட்டு, தண்ணீர் தெளித்து, அவளே பரிமாறினாள். பச்சைப் புடவையை மாற்றிப் பழையதைக் கட்டியிருந்தாள். "சாம்பாரு ஊத்தட்டாண்ணே? இன்னும் கொஞ்சம் சோறு வெக்கட்டா?" என்று எப்போதும்போலக் கேட்டாள். சாமிதுரை தலையைத் தூக்கவே இல்லை. வைத்ததையெல்லாம் தின்றார்.

பெண்ணும் மாப்பிள்ளையும் கிளம்புகிற நேரம் கனகா அவரிடம் வந்தாள். அழுதிருந்தாள்.

"ஊரான் வூட்டுப் பொண்ணுங்க தாலிய எல்லாம் எல்லார் கையிலயும் குடுத்தீங்க மாமா. எந்தாலிக்கு மட்டும் ஒங்களுக்குப் பயம் வந்துடுச்சி."

"இல்லம்மா, கை தவறிடுச்சி."

"சரி மாமா. போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு அவள் வேனில் ஏறினாள்.

அந்த வார்த்தை அவரை விடவில்லை. சூளையில் ஜாடி அடுக்கும்போதும், சங்கு ஊதி வீட்டுக்கு வரும்போதும், தனியாக உட்கார்ந்து சோறு தின்னும்போதும் ஊரான் வீட்டுப் பெண்கள் என்பது காதில் விழுந்துகொண்டே இருந்தது. எத்தனை பந்தலில் எத்தனை பேரைப் பின்வரிசையிலிருந்து எழுப்பித் தட்டைத் தொட வைத்திருக்கிறார்! அப்போதெல்லாம் கை நடுங்கியதே இல்லை. ஏன் நடுங்கவில்லை? அந்தப் பெண்களுக்கு எது நடந்தாலும் அவருக்கு ஒன்றும் நஷ்டமில்லை. தைரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தது அடுத்த வீட்டுப் பிள்ளைகளை வைத்து ஆடிய ஆட்டம் என்று புரிந்தபோது, அந்தப் பந்தல்களில் வாங்கிய கைதட்டலையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட முடியாதா என்று இருந்தது.

அடுத்த மாதம் வேப்பூரில் ஒரு கல்யாணம். ஏற்கனவே ஒத்துக்கொண்டது, தட்ட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம். ராகுவுக்கு இலை போட்டுச் சிரிக்க வைத்தார். கணவனை இழந்த பெண்களைப் பற்றிச் சொல்கிற இடம் வந்ததும் பேச்சை நிறுத்தினார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டு முடித்தார். தட்டைப் பெண்ணின் தாய்மாமன் கையில் கொடுத்து, நீங்களே சுற்றிவிடுங்கள் என்றார். வழக்கம்போலக் கைதட்டினார்கள். பின்வரிசையில் ஒரு அம்மாள் மட்டும், கேள்விப்பட்டு வந்தவளோ என்னவோ, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அந்தப் பக்கம் திரும்பாமலே பஸ் ஏறிவிட்டார்.

அதுதான் அவர் நடத்தி வைத்த கடைசிக் கல்யாணம். கூப்பிட வந்தவர்களிடம் தொண்டை கட்டிவிட்டது, டாக்டர் பேசக் கூடாது என்றார் என்று சொல்லி அனுப்பினார். ஒருத்தரிடம் சொல்லும்போது மெல்லிய குரலில் சொல்ல வேண்டும் என்பதை மறந்து முழுத் தொண்டையில் சொல்லிவிட, வந்தவர் ஒருமாதிரி பார்த்துவிட்டுப் போனார். கோணல் ஜாடிகள் வீட்டு மூலையில் சேர்ந்துகொண்டே போயின. கருப்புச் சட்டையை எடுத்து உள்ளே வைத்தார். பிறகு ஒருநாள் சூளையில் ஜாடி துடைக்கக் கிழித்துவிட்டார்.

பொங்கலுக்குத் தங்கைக்குச் சீர் கொண்டுபோவது அண்ணனின் கடமை. அமிர்தம் இறந்த வருஷம்கூட அவர் அதை விட்டதில்லை. கனகா கல்யாணத்துக்குப் பிறகு காஸ்பரிடம் கொடுத்தனுப்பத் தொடங்கினார். "வேல ஜாஸ்தியா இருக்குதுன்னு சொல்லு" என்பார். காஸ்பர் கரும்பையும் மஞ்சள் கொத்தையும் சுமந்துகொண்டு நல்லூருக்குப் போய்க் கொளஞ்சியம்மாள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருவான். "ஒங்கள ஒண்ணும் கேக்கலண்ணே. ஒடம்பு எப்பிடி இருக்குதுன்னு மட்டுந்தான் கேட்டாங்க" என்று வந்து சொல்வான். அதைக் கேட்டதும் சாமிதுரை எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடுவார்.

இவ்வளவும் ஒரு பக்கம் இருக்கட்டும். அவர் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று இருந்தது. கல்யாணமான மூன்றாம் வருஷம் காத்தவராயன் வேலையில் சாரத்திலிருந்து விழுந்து கை முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். சேதி வந்ததும் சாமிதுரை விழுந்தடித்துக்கொண்டு ஓடினார். உயிருக்கு ஒன்றுமில்லை, கட்டுப்போட்டுப் படுத்திருக்கிறான் என்று வாசலில் சொன்னார்கள். அந்த நிமிஷத்தில், நல்லவேளை அன்றைக்குக் கொளஞ்சி கையில் தட்டைக் கொடுக்கவில்லை என்று அவர் நினைத்தார். நினைத்துவிட்டு, ஆஸ்பத்திரி வாசல் என்றும் பார்க்காமல் நெற்றியில் படார் படார் என்று அடித்துக்கொண்டார். மருமகனுக்காக அழுகிறார் என்று நினைத்து ஒரு நர்ஸம்மா அவரைத் தேற்றினாள். உள்ளே போய்க் கனகாவைப் பார்க்காமலே திரும்பிவிட்டார்.

எழுபத்தெட்டில் கொளஞ்சியம்மாளே ஒருநாள் விருத்தாசலத்துக்கு வந்து இறங்கினாள். சாமிதுரை அப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். வாசலில் கீரைக்காரியோடு பேரம் பேசிக்கொண்டிருந்தவர் தங்கையைப் பார்த்ததும் கீரைக்கட்டைக் கீழே போட்டார். உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மூலையிலிருந்த ஜாடிகளைத் துடைக்க ஆரம்பித்தார்.

"மாயவனுக்குப் பொண்ணு பாத்து முடிச்சிட்டோம்ணே. வைகாசியில கல்யாணம். நீதான் நடத்தி வெக்கணும்" என்றாள் கொளஞ்சியம்மாள்.

"எனக்குத் தொண்ட சரியில்லம்மா."

"ஒந்தொண்டையா? தெரு முக்குலயே நீ கீரக்காரியாண்ட கத்துனது கேட்டுதே."

சாமிதுரை துடைத்த ஜாடியையே திரும்பவும் துடைத்தார். பிறகு, இத்தனை வருஷமாகச் சொல்லிச் சொல்லி மழமழவென்று ஆகிப்போன அந்த வார்த்தையைத் தங்கையிடமும் சொன்னார்.

"அன்னிக்கி கை தவறிடுச்சி கொளஞ்சி."

"தவறல. நான் எதுக்கத்தான நின்னேன். என்னப் பாத்த. எங்கையப் பாத்த. ஒம்மூஞ்சி செத்துப்போச்சி. அப்பறந்தான் அந்தாண்ட திரும்புன."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. பஸ்ஸில் இடம் கிடைத்ததா என்று கேட்டால் பதில் சொல்வாளே, அப்படித்தான் சொன்னாள். சாமிதுரை ஜாடியைக் கீழே வைத்தார். சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷம் ஊரை ஏமாற்றியதாக நினைத்திருந்தார். ஏமாற வேண்டியவள் முதல் நாளிலிருந்தே ஏமாறவில்லை. தெரிந்துகொண்டே சோறு போட்டிருக்கிறாள், தெரிந்துகொண்டே ஒவ்வொரு பொங்கலுக்கும் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டனுப்பியிருக்கிறாள். அவமானத்தில் காதெல்லாம் எரிந்தது.

"எல்லாம் தெரிஞ்சுமா எங்கிட்ட வந்த?"

"ஒங்கிட்டதான் வரணும்" என்றாள் கொளஞ்சியம்மாள். தன்னுடைய கைகளை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். "ராஜம்மா கல்யாணத்துக்கு அப்பறம் எனக்கு எங்கையப் பாத்தாலே பயம்ணே. ஊரே சொல்லிச்சி. நீ ஒருத்தன்தான் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு வந்து வந்து சொன்ன. படிச்சவன், நாலு பேரத் தெரிஞ்சவன், எங்கண்ணன் சொல்லுதேன்னு பாதி நம்பினேன். அண்ணன் கையால குடுத்து நான் தொட்டுட்டா மீதிப் பயமும் போயிடும்னுதான் அன்னிக்கி பந்தலுக்கு வந்தேன். நீயே பயந்துட்ட. அப்ப ஊரு சொன்னது நெசந்தான் போலருக்குதுன்னு ஆயிடுச்சி எனக்கு. கனகா நம்ம வூட்டுக்கு வந்து புள்ள பெத்துக்கிட்டுப் போச்சி, அந்தப் புள்ளய நான் இன்னும் தலக்கித் தண்ணி ஊத்தக்கூடத் தொட்டதில்லண்ணே."

சாமிதுரை அழுதார். சின்னப் பிள்ளையில் அப்பாவிடம் அடிவாங்கி அழுததற்குப் பிறகு தங்கை முன்னால் அழுதது அன்றைக்குத்தான். மன்னித்துக்கொள் என்று சொல்லப் பார்த்தார். பந்தல் பந்தலாகப் பேசிய வாயில் அந்த ஒரு சொல் வரவில்லை.

கொளஞ்சியம்மாள் அவர் அழுது முடிக்கும்வரை இருந்தாள்.

"கனகா சொல்லுது, மாமாவ எதுக்குக் கூப்புடற, நீயே மேடையேறி நடத்தி வையிம்மான்னு. எனக்கு அந்தத் தைரியம் இல்ல. வேற யாரு குடுத்தாலும் வாங்க மாட்டேன். நீ குடு. நான் வாங்கறேன்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சரி என்று சொல்லிவிட்டால் அவள் எழுந்து போய்விடுவாள், வைகாசிக்குப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் இன்னொரு முறை அவளிடம் பொய் சொல்ல அவரிடம் தெம்பு இல்லை. மாயவனுடைய முகம் கண்முன் வந்தது, வரப்போகிற பெண்ணின் முகம் தெரியாவிட்டாலும் ஒரு முகம் வந்தது.

"கொளஞ்சி, எனக்கு இன்னும் பயம் போவலம்மா" என்றார்.

"எனக்கு மட்டும் போயிடுச்சா? பயந்துக்கிட்டே குடுண்ணே" என்றாள் அவள்.